பித்தப்பையில் கல் இல்லை

வலி தொடங்கி ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டு முடியட்டும், அதற்கு முன்னால் சி.டி. எடுத்தால் கணையத்தில் எவ்வளவு பிழைத்திருக்கிறது, எவ்வளவு செத்துவிட்டது என்று சரியாகத் தெரியாது என்று டாக்டர் நஃபீசா சொல்லியிருந்தார். அதனால் எல்லாரும் காத்திருந்தார்கள். தஞ்சாவூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடி அறையில், கனிமொழி தலையணையை வயிற்றோடு அணைத்து முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மல்லாந்து படுத்தால் வலி வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவியது. குனிந்திருந்தால் கொஞ்சம் பொறுக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேராவூரணியில் அவள் கணவன் வீட்டுச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் வலி பிடித்துக்கொண்டது. பிறகு வாந்தி. வாயுப்பிடிப்பு என்று சோடா கொடுத்தார்கள், ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். சாயங்காலம் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது அவளால் நிமிரவே முடியவில்லை. ரத்தத்தில், கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்ற நொதி பத்து மடங்கு ஏறியிருந்தது. கணைய அழற்சி என்றார்கள்.

அவள் மாமியார் பொன்னுத்தாய் அப்படி ஓர் உறுப்பு இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டாள்.

"அது எங்க இருக்கு?"

"இரைப்பைக்குப் பின்னால இருக்குங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"எனக்கும் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

"அப்ப இவளுக்கு மட்டும் ஏன் வீங்குது?"

அதைத்தான் டாக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரிந்திருக்கக்கூடிய மூன்று பேர் அந்த அறையிலேயே இருந்தார்கள். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி கனிமொழி. இன்னொருத்தி அவள் அம்மா அம்சவல்லி. மூன்றாவது, கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கை எழில்மொழி.

எழில்மொழி பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறாள். டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல இவள் அடிக்க வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட அவளுக்குக் குரல் எழும்பாது. பித்தப்பையில் கல் இல்லை என்ற வரியை அவள் ஆயிரம் தடவையாவது அடித்திருப்பாள். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முகம் தெளிந்துதான் போவார்கள். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை எடுத்த வயிற்று ஸ்கேனிலும் அதே வரி வந்தது. குடலில் வாயு அடைத்துக்கொண்டு கணையம் பாதிக்கு மேல் தெரியவில்லை, ஆனால் பித்தப்பை சுத்தமாகத் தெரிந்தது. கல் இல்லை. அந்த வரி ஒரு வீட்டையே இருட்டாக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

"கல்லுன்னா நிம்மதி. பாதிப் பேருக்கு அதுதான் காரணம், எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் டாக்டர்.

"எங்க சித்தப்பா மருமவளுக்கு எடுத்தாங்க. நாலாம் நாளு வீட்டுக்கு வந்து தோசை சுட்டா" என்றாள் பொன்னுத்தாய். அந்த மருமகள் கொடுத்துவைத்தவள் என்பதுபோலப் பெருமூச்சு விட்டாள்.

அடுத்து டாக்டர் குடியைப் பற்றிக் கேட்டார். கனிமொழியின் கணவன் தமிழ்மாறன் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டான். "கூல்டிரிங்க்ஸே குடிக்க மாட்டா டாக்டர். கேஸ் ஏறுதும்பா." டாக்டரும் சிரித்தார், விட்டுவிட்டார். பொன்னுத்தாய் விடவில்லை. வராந்தாவில் அம்சவல்லியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சம்மந்தி, பொண்ணு திருச்சியில ஹாஸ்டல்ல தங்கித்தானே படிச்சுது? இப்ப பொம்பளப் புள்ளைவளும் எல்லாம் பண்ணுதுவளாமே. நான் கேக்குறது தப்புன்னா விட்டுடுங்க."

"கேட்டதுக்கு அப்புறம் விட்டுடுங்கன்னா எப்படி விடுறது சம்மந்தி?" என்றாள் அம்சவல்லி. அதற்குமேல் பேசாமல் உள்ளே வந்துவிட்டாள். எழில்மொழி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உண்மையைச் சொல்வதைவிட மகளைக் குடிகாரி என்று நினைக்க விடுவது அம்மாவுக்குச் சுலபமாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

உண்மை பெரிய கொலைபாதகம் ஒன்றும் இல்லை. கனிமொழிக்கு வலிப்பு நோய் இருந்தது. பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு வரிசையில் நின்றபோது முதல் தடவை விழுந்தாள். திருச்சியில் ஒரு நரம்பு டாக்டர் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் திரும்ப வரும் என்றார். அம்சவல்லி ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் பதினான்கு வருடமாகத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். கஜா புயலில் மரங்கள் ரோட்டை அடைத்துக் கிடந்தபோது, மாத்திரை தீர்ந்துபோய்விட்டது என்று அவர்கள் ஊரிலிருந்து ஒரத்தநாட்டுக்கு நடந்தே போய் வாங்கி வந்தவள் அவள். அந்த மாத்திரையில் கனிமொழி படித்தாள், பட்டம் வாங்கினாள், வருடக்கணக்கில் விழாமல் இருந்தாள்.

முதலில் வந்த வரனிடம் சொல்லித்தான் பார்த்தார்கள். அப்பா கண்ணுசாமி ஒளிவு மறைவு வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்ட மாப்பிள்ளை வீட்டார் வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். ஒரு வாரத்தில் மூன்று ஊருக்குச் செய்தி பரவியது. அதனால் பேராவூரணித் தேங்காய் மண்டிக்காரர் வீட்டிலிருந்து தமிழ்மாறனுக்குக் கேட்டு வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா வாங்கிக் கொடுக்கிற மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு வைட்டமின் பாட்டிலில் மாற்றிப் போட்டுக்கொண்டு கனிமொழி புகுந்த வீட்டுக்குப் போனாள். முடி கொட்டாமல் இருக்க என்று கணவனிடம் சொன்னாள். கல்யாணமாகி ஏழு மாதம். தமிழ்மாறன் நல்லவன். ராத்திரி அவள் மறந்தால் அவனே எடுத்துக் கொடுப்பான்.

காரணங்களில் சில மாத்திரைகளும் உண்டு என்று டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் எழில்மொழி போனில் அந்த மாத்திரையின் பெயரைப் போட்டுத் தேடினாள். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது, ஆனால் வரும், வருடக்கணக்கில் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் திடீரென்று வரும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று போட்டிருந்தது. அம்மாவை மாடிப்படிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பதினாலு வருசமா சாப்புடுறா. அப்பல்லாம் வராத வலி இப்ப மட்டும் எப்புடிடி வரும்?" என்றாள் அம்சவல்லி.

"வரும்னு போட்டுருக்கும்மா."

"போன்ல என்னதான் போடல?"

"அம்மா, டாக்டர்கிட்ட சொல்லிடலாம்மா. தனியா சொல்லலாம்."

"தனியான்னு ஒண்ணு இருக்கா இங்க? மாப்ள நிழல் மாதிரி நிக்கிறாரு. ஒருத்தருக்குத் தெரிஞ்சா நாளைக்கு மண்டியில தெரியும். அவ வாழாவெட்டியா வந்து ஒக்காந்தா ஒன்ன எவன்டி வந்து கேப்பான்? குடும்பத்துலயே இருக்குதும்பான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி. மாத்திரைய நிப்பாட்டிடுறேன். குடுக்கல. போதுமா?"

போதும் என்றுதான் எழில்மொழிக்குப் பட்டது. நிறுத்திவிட்ட மாத்திரையைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. உன்னை எவன் கேட்பான் என்ற கேள்வி தன்னையும் தொட்டுவிட்டது என்பதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் அதிகம் என்று எடுக்காமல் வைத்திருந்ததால் தார்ப்பாயோடு காவல் இருந்தார். "அம்மா என்ன சொல்லுது?" என்று கேட்டார். சொன்னாள். "அப்ப அதும்படியே செய்ங்க" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்த ஐம்பத்தோராவது மணி நேரத்தில், டாக்டர் நஃபீசா மறுபடியும் வந்தார். இதற்குக் காரணமாகக்கூடிய ரத்தக் கொழுப்பு சரியாக இருக்கிறது, கால்சியமும் சேர்க்கும்போது சரியாகத்தான் இருந்தது என்றார். ஆனால் கனிமொழிக்கு மூச்சு வேகமாகிக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள்.

"இந்நேரம் கொஞ்சம் இறங்கணும். இறங்கல. எதுவோ உள்ள ஊதிக்கிட்டே இருக்கு" என்றார் டாக்டர். "கனிமொழி, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

கனிமொழி கண்ணை மூடியபடி தலையை ஆட்டினாள். இல்லை.

"முடி கொட்டுதுன்னு ஒரு சத்து மாத்திரை போடுவா டாக்டர், ரெண்டு வேளை" என்றான் தமிழ்மாறன். கள்ளம் இல்லாமல் சொன்னான்.

"அது என்னன்னு நான் பாக்கணுமே."

"எங்கிட்டதான் இருக்குங்க. இப்பக் காட்டுறேன்" என்றாள் அம்சவல்லி, ஒரு நொடிகூடத் தயங்காமல்.

டாக்டர் தமிழ்மாறனையும் அவன் அம்மாவையும் வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "வயித்துல அடி பட்டாலும் இப்படி வரும். கணையம் முதுகெலும்புல நசுங்கிடும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வீட்டுல யாராவது அடிச்சாங்களா?"

கனிமொழி பதறிப்போய்க் கண்ணைத் திறந்தாள். "இல்ல டாக்டர். அவங்க அப்படியெல்லாம் இல்ல. இல்லவே இல்ல."

டாக்டர் அம்சவல்லியைப் பார்த்தார்.

"எங்களுக்குத் தெரிஞ்சு இல்லைங்க" என்றாள் அம்சவல்லி.

எங்களுக்குத் தெரிஞ்சு. அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மருமகன் மேல் விழுகிற சந்தேகம் டாக்டரை மாத்திரையின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் என்று அம்மா கணக்குப் போட்டாளா, அல்லது வாய்தவறி வந்துவிட்டதா என்று எழில்மொழியால் கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டர் வெளியே போகும்போது தமிழ்மாறனைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. அவனுக்கும் அது புரிந்தது. காது சிவக்கச் சுவரோடு ஒட்டி நின்றான். பொன்னுத்தாய் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். "என் புள்ள எறும்ப மிதிச்சாலே திரும்பிப் பாத்துட்டு நடப்பான். எங்களப் போயி கதவச் சாத்திட்டு விசாரிக்கிறாங்க."

அம்சவல்லி எழில்மொழியின் கையில் பணத்தைத் திணித்தாள். "எதிர்த்தாப்ல மெடிக்கல்ல முடிக்குப் போடுற மாத்திரை ஒரு பாட்டில் வாங்கியா."

"அம்மா..."

"நிப்பாட்டியாச்சுன்னு சொன்னேன்ல. அப்புறம் என்ன? கேட்டதுக்கு ஒண்ணக் காட்டணும், அவ்வளவுதான்."

எழில்மொழி போய் வாங்கி வந்தாள். பயோட்டின், அறுபது மாத்திரை. அம்சவல்லி கழிப்பறைக்குள் கொண்டுபோய் மூடியின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தாள், பாதி மாத்திரையைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள், பாட்டிலின் லேபிளை முந்தானையால் கொஞ்சம் தேய்த்து அழுக்காக்கினாள். "நீ படிச்சவ. நீ கொண்டுபோய்க் குடு" என்றாள்.

கீழே தன் அறையில் டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது ஒண்ணும் செய்யாது" என்று திருப்பிக் கொடுத்தார். "வேற எதுவும் இல்லையே?"

எழில்மொழி தலையை ஆட்டினாள். வாயால் பொய் சொல்லவில்லை என்று படியேறும்போது நினைத்துக்கொண்டாள். பாதிப் படியில் அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரம். தமிழ்மாறனும் அவன் அம்மாவும் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். எழில்மொழி துவைத்த துண்டைக் காயப்போட்டுவிட்டு அறைக்குள் வந்தபோது அம்சவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் தொங்கியது. அதற்குக் கீழே கனிமொழி வாயைத் திறந்தாள், அம்மா இளஞ்சிவப்பு மாத்திரையை நாக்கில் வைத்தாள், தம்ளரிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றினாள். எழில்மொழி ஓடி வருவதற்குள் அது தொண்டையில் இறங்கிவிட்டது.

"நிப்பாட்டிட்டேன்னு சொன்ன."

அம்சவல்லி தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தன தடவ குடுத்த?"

"வேளைக்கு வேளை. ஒரு வேளையும் விடல." அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "இங்க விழுந்தா என்னடி பண்றது? இத்தன பேரு நடுவுல நொரை தள்ளிக்கிட்டு இழுத்தா, மாப்ள பாத்தா, அந்தம்மா பாத்தா?"

"இதாலதான் அவளுக்கு இறங்கலம்மா. டாக்டரு தலையப் பிச்சுக்குறாங்க. நீ உள்ள உள்ள தள்ளிக்கிட்டு இருக்க."

"எழிலு" என்றாள் கனிமொழி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். "அம்மாவத் திட்டாத. நான்தான் கேட்டேன். இடது கை... வெடுக்குன்னுது. வரப்போற மாதிரி இருந்துச்சு."

"செத்துப் போயிடுவக்கா."

"அவருக்குத் தெரிஞ்சா மட்டும்?" கனிமொழி தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலம் இல்லை. "ராத்திரி அவருதான் எடுத்துக் குடுப்பாரு. முடி நல்லா வளந்துருச்சும்பாரு. ஏழு மாசம் ஏமாத்துனேன்னு எப்படிச் சொல்றது? சொல்லிடாத எழிலு. எம்மேல சத்தியம்."

எழில்மொழி சத்தியம் செய்யவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடுங்கி, அட்டையில் மிச்சம் இருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அம்சவல்லி தடுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தமிழ்மாறன் எல்லாருக்கும் பார்சல் டீ வாங்கி வந்திருந்தான். எழில்மொழிக்குச் சர்க்கரை கம்மி என்று நினைவு வைத்துத் தனியாகக் கட்டச் சொல்லியிருந்தான். அவள் அதை வாங்கிக் குடித்தாள்.

மாத்திரைதான் போய்விட்டதே, இனி தானே இறங்கும், காலையில் பார்க்கலாம் என்று அன்றைக்கும் ஒருமுறை தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. கனிமொழியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனார்கள். மல்லாக்கப் படுக்க வேண்டும் என்றதும் அவள் அழுதாள். நரம்பில் மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படக் கூடாது என்று எழில்மொழி காதில் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. மூச்சை இழுத்துப் பிடிங்க, மூச்சை விடுங்க என்று உள்ளே இயந்திரத்தின் குரல் சொல்வது கேட்டது. இழுத்துப் பிடிக்க அவளிடம் மூச்சு இல்லை.

முடிந்து வெளியே கொண்டுவந்து லிப்டுக்காக நின்றபோதுதான் அது வந்தது. கனிமொழியின் இடது கை முதலில் வெட்டியது. பிறகு கண்கள் மேலே செருகின, தாடை இறுகியது, ஸ்ட்ரெச்சரே ஆடும்படி உடம்பு முழுக்க இழுத்தது. தள்ளிவந்த ஆள் கையை எடுத்துவிட்டான். பொன்னுத்தாய் ஐயோ என்று சுவரில் சாய்ந்தாள். தமிழ்மாறன் என்ன செய்வதென்று தெரியாமல் கனிமொழியின் காலைப் பிடித்தான். யாரோ சாவி, சாவி என்றார்கள்.

அம்சவல்லியும் எழில்மொழியும் மட்டும் பதறவில்லை. ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் புரட்டினார்கள். அம்மா ஜாக்கெட்டின் மேல் ஊக்கைக் கழற்றினாள். எழில்மொழி துண்டைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். இழுப்பு ஓயும்வரை கையை இறுக்கிப் பிடிக்காமல் சும்மா வைத்திருந்தார்கள். நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தபோது உடம்பு தளரத் தொடங்கியிருந்தது.

கனிமொழியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நாற்காலிகளில் இவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ்மாறன் எழில்மொழியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் ரொம்பப் பயந்துட்டேன்" என்றான்.

"ம்."

"நீயும் அத்தையும் பயப்படவே இல்லையே எழில்."

அவள் நிமிரவில்லை. அவன் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு எழுந்து கண்ணாடிக் கதவின் அருகே போய் நின்றுகொண்டான்.

இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, கணையம் இந்த அளவுக்குக் கெட்டால் கால்சியம் இறங்கும், இறங்கினால் இப்படி வலிப்பு வரலாம், ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம், கால்சியம் ஊசி போடுகிறோம் என்றார். அம்சவல்லியின் முகத்தில் மூன்று நாளில் முதல் முறையாக வெளிச்சம் வந்ததை எழில்மொழி பார்த்தாள். பயந்து பயந்து மறைத்த வலிப்பு ஊர் நடுவில் வந்தும்விட்டது, அதற்கு ஒரு கௌரவமான காரணமும் கிடைத்துவிட்டது.

"கேட்டீங்களா சம்மந்தி" என்றாள். "சுண்ணாம்புச் சத்து கொறஞ்சுதாம். அதான் இழுத்துருக்கு."

"அப்பாடா சம்மந்தி. நல்லவேளை, வேற மாதிரி ஏதோன்னு நெனச்சுட்டேன்" என்றாள் பொன்னுத்தாய்.

"சேச்சே. எங்க பரம்பரையில அதெல்லாம் கெடயாது."

பொன்னுத்தாய் முகம் கழுவப் போனதும் அம்சவல்லி எழில்மொழியின் பக்கம் குனிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "பாத்தியா, ஒரு வேளை விட்டதுக்கு என்னாச்சுன்னு. நீதான்டி இழுக்க வச்ச. ஒங்க அப்பாவ வீட்டுல இருக்குற அட்டையை எடுத்துக்கிட்டு வரச் சொல்லிருக்கேன். பஸ் ஏறிட்டாரு. மூக்குல டியூப் போடப் போறாங்களாம். கரைச்சு அதுல ஊத்தினாலும் ஊத்துவேன், ஒரு வேளையும் விடமாட்டேன். இந்தத் தடவ குறுக்க வந்த, பாத்துக்க."

எழில்மொழி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மகளைக் காப்பாற்றுகிறேன் என்ற முழு நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கெட்டவர்களிடமிருந்து மாத்திரையைப் பிடுங்கிவிடலாம்.

டாக்டர் நஃபீசா படத்தைத் தன் மேஜைக் கணினியில் போட்டுவைத்து எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டார். எழில்மொழி தினமும் பார்க்கிற சாம்பல் நிறப் படம்தான். எத்தனையோ பேருடைய வயிறு இப்படிக் குறுக்கே நறுக்கிவைத்த மாதிரி அவள் முன்னால் வந்து போயிருக்கிறது. இது அக்காவின் வயிறு.

"நரம்புல மருந்து ஏத்தினா கணையம் வெள்ளையாப் பளிச்சுன்னு தெரியணும். ரத்தம் போற இடம் எல்லாம் அப்படித் தெரியும்" என்று டாக்டர் பேனாவால் காட்டினார். "வால் பக்கம் தெரியுது. நடுவுல பாருங்க, கறுப்பா இருக்கு. ரத்தம் போகல. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு செத்துருச்சு. சுத்தி நீர் கட்டியிருக்கு, நுரையீரலுக்கு அடியிலயும் இருக்கு."

"பொழச்சுக்குவால்ல டாக்டர்?" என்றான் தமிழ்மாறன்.

"இதோட நின்னா பிழைக்க வாய்ப்பு இருக்கு. மிச்சமும் கறுத்துச்சுன்னா என் கையில இல்ல." டாக்டர் பேனாவை மூடினார். "அடிபட்ட மாதிரி கிழிசல் எதுவும் இல்ல. தம்பி, நேத்து உங்களச் சங்கடப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கங்க. கல்லும் இல்ல. படத்துல என்ன கெட்டிருக்குன்னு தெரியுது. ஏன் கெட்டுச்சுன்னு தெரியல. காரணம் தெரியாம நான் எதை நிறுத்துறது?"

மேஜைமேல் போன் ஒலித்தது. டாக்டர் எடுத்துக் கேட்டார், சரி என்று வைத்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"கால்சியம் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. வலிப்பு வர்ற அளவுக்கு இல்ல." அவர் அம்சவல்லியை நேராகப் பார்த்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா? சின்ன வயசுல, காய்ச்சல்ல, எப்பவாவது?"

"இல்லவே இல்லைங்க" என்றாள் அம்சவல்லி. "இதான் மொதத் தடவ."

தமிழ்மாறன் மெல்லத் திரும்பி எழில்மொழியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கேட்டதையே பார்வையால் மறுபடியும் கேட்டான், அவ்வளவுதான். எழில்மொழி கையில் இருந்த போன் அதிர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன், எந்த மாடி என்று அப்பா கேட்டிருந்தார்.

"டாக்டர்" என்றாள் எழில்மொழி. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அம்சவல்லியின் விரல்கள் மேஜைக்கு அடியில் அவள் தொடையைப் பிடித்து, சதை கன்றும்படி கிள்ளின. கண்ணில் நீர் முட்டியது. அவள் எழுந்து நின்றாள்.

"என்னம்மா? எனக்குக் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார் டாக்டர்.

"அக்காவுக்குப் பன்னெண்டு வயசுலேர்ந்து வலிப்பு இருக்கு" என்றாள் எழில்மொழி. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, ஆனால் அறை முழுக்கக் கேட்டது. "வால்ப்ரோயேட் ஐந்நூறு, ரெண்டு வேளை. நான் காட்டுன பாட்டில் நேத்து எதிர்க்கடையில வாங்கினது. இங்க சேத்ததுக்கு அப்புறமும், நேத்து சாயங்காலம் வரைக்கும், ஒரு வேளை விடாம நாங்கதான் குடுத்துருக்கோம்."